மேலிடம் சொன்னதால் கையெழுத்திட்டேன்: சட்டத்தின் முன் இது நிற்குமா?

பேரேடு:

அனைவருக்கும் வணக்கம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேலாளராகப் பணியாற்றுகிறேன். நான் இயக்குநர் குழுவில் இல்லை; நிறுவனத்தின் பங்குகளும் என்னிடம் இல்லை. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும், கணக்கில் ஏற்றப்பட்ட விற்பனை முழுவதும் அந்தக் காலாண்டுக்கே உரியது என்று ஓர் உறுதிமொழித்தாளில் கையெழுத்திடுவது என் பணி. எனக்கு மேல் நிதித் தலைவரும், அவருக்கும் மேல் முதன்மைச் செயல் அலுவலரும் கையெழுத்திடுவார்கள்.

இந்த முறை இலக்கை எட்டவில்லை. காலாண்டின் கடைசித் தேதியிட்டு ஒரு பெரிய வாடிக்கையாளர் பெயரில் இன்வாய்ஸ் போடப்பட்டிருக்கிறது. சரக்கு எங்கள் கிடங்கிலேயே இருக்கிறது. லாரி ரசீதும் போடப்படவில்லை. "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால்தான் சரக்கை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிவிடலாம், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நிதித் தலைவர் நேரில் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

மேலதிகாரியின் கட்டளைப்படி நடந்தேன் என்பது என்னைக் காப்பாற்றுமா? இயக்குநர்களுக்கு இது தெரியாது என்றால் அவர்களுடைய பொறுப்பு என்ன? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய தணிக்கையாளர்:

முதலில் கணக்கியல் பக்கத்தைப் பார்ப்போம். இன்வாய்ஸ் போட்டபின் சரக்கை விற்றவரே வைத்திருப்பது தன்னளவில் குற்றமன்று. வருவாயை எப்போது கணக்கில் ஏற்றலாம் என்று சொல்லும் பன்னாட்டுக் கணக்கியல் விதியான ஐஎஃப்ஆர்எஸ் 15 தரநிலை சில நிபந்தனைகளோடு அதை ஏற்கிறது. அப்படி வைத்திருப்பதற்கு வாடிக்கையாளரின் வேண்டுகோள் போன்ற உண்மையான காரணம் இருக்க வேண்டும். அந்தச் சரக்கு அவருடையது என்று தனியே அடையாளம் காணப்பட வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். விற்றவர் அதை வேறெதற்கும் பயன்படுத்தவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ முடியாதபடி இருக்க வேண்டும்.

ஆகவே கடிதம் வரும்வரை காத்திருக்காமல் கிடங்குக்குப் போய்ப் பாருங்கள். பெட்டிகள் தனி வரிசையில் அடுக்கப்பட்டு அவற்றின்மேல் அந்த வாடிக்கையாளரின் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறதா, அல்லது மற்ற சரக்கோடு கலந்து கிடக்கிறதா? நாளைக்கே வேறோர் அவசர ஆர்டர் வந்தால் அந்த அடுக்கிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொடுக்கக் கிடங்குப் பொறுப்பாளர் தயங்குவாரா? தயங்கமாட்டார் என்றால் அந்தச் சரக்கு இன்னும் விற்கப்படவில்லை. நான் தணிக்கைக்குப் போன இடங்களில் இந்தக் கேள்வியை அலுவலகத்தில் கேட்டால் ஒரு பதிலும், கிடங்கில் கேட்டால் வேறொரு பதிலும் கிடைக்கும். கிடங்கில் கிடைக்கும் பதிலே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேண்டுகோள் முதலில் வந்து, அதனால் சரக்கு நிறுத்தப்பட்டிருந்தால் அந்தக் கடிதம் ஓர் ஆதாரம். சரக்கை நிறுத்திவிட்டு, இன்வாய்ஸும் போட்டுவிட்டு, பிறகு முன்தேதியிட்டு வாங்கப்படும் கடிதம் ஆதாரமாகாது. அது இரண்டாவது குற்றம். விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளருக்குத் தனியாக ஏதேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் விற்பனைப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல்லை நம்பியவர்களில் வேர்ல்டுகாம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெட்டி வின்சனும் ஒருவர். பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தியதற்குக் கட்டிய செலவைச் சொத்தாக மாற்றிப் பதிவு செய்யும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் தயங்கினார், வேலையை விட்டுவிடவும் நினைத்தார். முழுப் பொறுப்பையும் தானே ஏற்பதாக நிதித் தலைவர் சொன்னபின் பதிவுகளைச் செய்தார். அதே நிறுவனத்தின் உள்தணிக்கையாளர் சிந்தியா கூப்பரின் குழு 2002-ல் அந்தப் பதிவுகளைக் கண்டுபிடித்தது. வின்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, விசாரணைக்கு ஒத்துழைத்தும், ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் பெற்றார். அவரும் இயக்குநர் அல்லர், உங்களைப் போலக் கணக்குப் பிரிவின் இடைநிலை அலுவலர்தான்.

எதிர்க்கேள்வி:

ஐயா, நீங்கள் சொல்வது நடந்ததுதான். ஆனால் அதே காலத்தின் இன்னொரு வழக்கையும் சொல்லுங்கள். ஹெல்த்சவுத் என்ற அமெரிக்க மருத்துவமனை நிறுவனத்தில் அடுத்தடுத்து நிதித் தலைவர்களாக இருந்த ஐந்து பேர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அனைவருக்கும் மேலிருந்த ரிச்சர்ட் ஸ்க்ரூஷி மீது, கணக்கு மோசடியைத் தடுக்க அமெரிக்கா இயற்றிய சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி வழக்கு நடந்தது. 2005-ல் ஜூரி அவரை விடுவித்தது. அறநெறிப் பேச்சு எப்போதும் கீழிருப்பவரின் கழுத்தில்தான் வந்து விழுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்திடம் 64 பக்கத்தில் ஓர் ஒழுக்க விதிக் கையேடு இருந்தது. 1999-ல் அதன் இயக்குநர் குழு அந்த விதியை ஒதுக்கி வைத்து, நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தன் சொந்தக் கூட்டு நிதியங்களை நடத்தி என்ரானுடனேயே வியாபாரம் செய்ய அனுமதித்தது. எல்லாம் முறைப்படி, தீர்மானம் போட்டு. வணிகம் என்றால் துணிந்து முடிவெடுப்பது. சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஒவ்வொரு காலாண்டிலும் மேலாளர்களை இப்படிப் பயமுறுத்தினால் எந்த நிறுவனமும் நகராது.

கறுப்பங்கி:

வழக்குரைஞன் என்ற முறையில் இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலப்பதைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். தவறான முடிவு எடுப்பதும், முடிவெடுக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் இருப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

நண்பர் எதிர்க்கேள்வி சொல்லும் இடம் உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றங்கள் வளர்த்த வணிகத் தீர்மான விதி, நல்லெண்ணத்தோடும் போதிய தகவலோடும் சொந்த ஆதாயமின்றியும் எடுக்கப்பட்ட முடிவு நட்டத்தில் முடிந்தாலும் இயக்குநர்களைக் குறை சொல்லாது. "போதிய தகவலோடு" என்பதுதான் அதன் அச்சாணி. 1985-ல் ஸ்மித் எதிர் வான் கோர்கம் வழக்கில், ட்ரான்ஸ் யூனியன் நிறுவனத்தைப் பங்கு ஒன்றுக்கு 55 டாலருக்கு விற்க இயக்குநர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சந்தை விலையைவிட அது கூடுதல்தான். ஆனால் சுமார் 20 நிமிட வாய்மொழி விளக்கத்தை மட்டும் கேட்டு, ஒப்பந்தத்தைப் படிக்காமல், நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடாமல், இரண்டு மணி நேரக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள் என்பதற்காக அவர்களைப் பெருங்கவனக்குறைவுக்குப் பொறுப்பாக்கியது நீதிமன்றம். விலையைப் பற்றிய தீர்ப்பன்று அது. விலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதைப் பற்றிய தீர்ப்பு. அதைக் கண்டு இயக்குநர்கள் அஞ்சியதால், மறு ஆண்டே டெலவேர் தன் சட்டத்தைத் திருத்தி, கவனக்குறைவுக்கான நட்ட ஈட்டிலிருந்து இயக்குநர்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ள நிறுவனங்களுக்கு வழி செய்தது. விசுவாச மீறலுக்கும் நல்லெண்ணமின்மைக்கும் அந்த விலக்கு இல்லை.

அந்த விலக்கின் எல்லையைத்தான் அடுத்த வழக்குகள் வரைந்தன. நிறுவனத்தில் நடப்பது இயக்குநர் குழுவின் காதுக்கு எட்டும்படி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1996-ன் கேர்மார்க் தீர்ப்பு. 2019-ல் ப்ளூ பெல் ஐஸ்கிரீம் வழக்கில் இது கூர்மையானது. லிஸ்டீரியா கிருமியால் மூவர் இறந்தார்கள். ஐஸ்கிரீம் மட்டுமே தயாரிக்கும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு துணைக்குழுவும் இல்லை, அதைப் பேச ஒழுங்கான நேரமும் இல்லை என்ற புகார் வழக்கை நடத்தப் போதுமானது என்றது டெலவேர் உச்ச நீதிமன்றம். 2023-ல் மெக்டொனால்ட்ஸ் வழக்கில் இந்தக் கண்காணிப்புக் கடமை இயக்குநர்களோடு நிற்காமல் உயர் அலுவலர்களுக்கும் அவரவர் துறையளவில் உண்டு என்று தீர்ப்பாயிற்று. ஆகவே "எனக்குத் தெரியாது" என்பது பாதி விடைதான். தெரிந்துகொள்ள என்ன செய்தீர்கள் என்பது மீதிக் கேள்வி.

ஸ்க்ரூஷி குற்ற வழக்கில் தப்பினார் என்பது சரி. பங்குதாரர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2009-ல் ஏறத்தாழ 288 கோடி டாலர் கட்டும்படி அலபாமா நீதிபதி அவருக்கு உத்தரவிட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வேர்ல்டுகாமின் முதன்மைச் செயல் அலுவலராக இருந்த பெர்னார்ட் எப்பர்ஸ் தமக்குக் கணக்கியல் புரியாது என்றே வாதாடினார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டவரைத் தெரிந்தவராகவே கருதலாம் என்று ஜூரிக்கு அறிவுறுத்தப்பட்டது. 25 ஆண்டுச் சிறை.

பேரேடு அவர்களுக்கு: உங்கள் உறுதிமொழித்தாள் போன்றவை 2002-ன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பின் பரவிய வழக்கம். முதன்மைச் செயல் அலுவலரும் நிதித் தலைவரும் தாமே சான்றளிக்க வேண்டும் என்றும், வேண்டுமென்றே பொய்யாகச் சான்றளித்தால் 20 ஆண்டுவரை சிறை என்றும் அச்சட்டம் சொன்னதும், தம் கையெழுத்துக்கு அடியில் இன்னும் சிலருடைய கையெழுத்துகளை அவர்கள் அடுக்கிக்கொண்டார்கள். அது அவர்களை விடுவிப்பதில்லை. ஆனால் உங்களை உள்ளே இழுத்துவிடுகிறது. பொய் என்று தெரிந்து இடும் கையெழுத்துக்கு மேலதிகாரியின் கட்டளை தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமலாக்காது.

கூட்டக்குறிப்பு:

நான் நிறுமச் செயலராக இருப்பவள். இயக்குநர்கள் பக்கத்திலிருந்து நான் காண்பதைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு பல நூறு பக்கக் கோப்பு அனுப்பப்படும். காலையில் கணக்கறிக்கை திரையில் ஓடும். யாரோ ஒருவர் லாப விகிதத்தைப் பற்றி ஒன்று கேட்பார். பிறகு "விவாதிக்கப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது" என்று நான் எழுத வேண்டும். விவாதமே நடக்காத இடத்தில் அப்படி எழுத எனக்கு மனம் வருவதில்லை. கேட்கப்பட்ட கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதிவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. பின்னாளில் அவர்களுக்குப் பாதுகாப்பாக நிற்கப்போவது அந்த வரிதான் என்று எடுத்துச் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் சென்ட்ரோ வழக்கு (2011) ஒவ்வொரு இயக்குநரும் அறிய வேண்டியது. ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய சுமார் 150 கோடி டாலர் கடன், சென்ட்ரோ ப்ராப்பர்ட்டீஸ் கணக்கில் நீண்டகாலக் கடனாகக் காட்டப்பட்டிருந்தது. மோசடி இல்லை, யாரும் பணம் எடுக்கவில்லை. இயக்குநர்கள் அனுபவமும் நேர்மையும் உடையவர்கள். பெயர்பெற்ற தணிக்கை நிறுவனம் பார்த்துச் சரி என்றிருந்தது. இருந்தும், கடன்கள் எப்போது முதிர்கின்றன என்பதை அறிந்திருந்த அவர்கள் கணக்கறிக்கையைத் தாமே படித்து, தமக்குத் தெரிந்த உண்மையோடு ஒப்பிட்டிருந்தால் பிழை கண்ணில் பட்டிருக்கும் என்றார் நீதிபதி மிடில்டன். பிறரைச் சார்ந்து நிற்கலாம், ஆனால் படிக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இந்தியாவின் 2013-ம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 149(12) பிரிவும் சுயேச்சை இயக்குநரை இதே அளவுகோலால்தான் அளக்கிறது. குழுவின் நடவடிக்கைகள் வழியே அவர் அறிந்திருந்து இசைந்தோ உடந்தையாகவோ இருந்தவற்றுக்கும், உரிய கவனமின்றி நடந்துகொண்ட இடங்களிலும் மட்டும் அவர் பொறுப்பு. பாதுகாப்புப் போலத் தோன்றும் இந்தப் பிரிவு, "உரிய கவனம்" என்ற சொற்களின் வழியே எல்லாச் சுமையையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

எதிர்க்கேள்வி:

அம்மா, அப்படியானால் வெளியிலிருந்து வரும் ஓர் இயக்குநர், ஆண்டுக்குச் சில கூட்டங்களில் உட்காருபவர், கிடங்கில் கிடக்கும் பெட்டியின் மேல் ஒட்டிய பெயரையும் சரிபார்க்க வேண்டுமா? இந்த வேகத்தில் போனால் தகுதியுள்ள எவரும் அந்த நாற்காலிக்கு வரமாட்டார்கள்.

கூட்டக்குறிப்பு:

பெட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. "இந்தக் காலாண்டின் விற்பனையில் கடைசி வாரத்தின் பங்கு எவ்வளவு, கடந்த காலாண்டுகளில் எவ்வளவு?" என்று கேட்டால் போதும். எண்களே மிச்சத்தைச் சொல்லிவிடும். இதைக் கேட்கும் ஒருவர், கணக்கைக் கவனிக்கும் இயக்குநர்களின் துணைக்குழுவான தணிக்கைக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்தாலே பல நிதித் தலைவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார்கள்.

ஆலைப்பொறுப்பு:

கணக்கை விட்டுச் சற்று வெளியே வருகிறேன், பொருள் ஒன்றுதான். உற்பத்திப் பிரிவில் இருக்கும் எங்களுக்குச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. 1975-ன் பார்க் வழக்கில், ஏக்மி மார்க்கெட்ஸ் என்ற பெரிய சங்கிலி அங்காடியின் தலைவர், பால்டிமோர் கிடங்கில் எலி நடமாடியதற்காகத் தனிப்பட்ட முறையில் குற்றவாளியானார். அவர் எலியைப் பார்க்கவுமில்லை, வளர்க்கவுமில்லை. சரிசெய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது என்பதே காரணம். அபராதம் வெறும் 250 டாலர்தான். ஆனால் அதிகாரம் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது என்ற அந்தக் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சால்மோனெல்லா கிருமி உள்ள நிலக்கடலைப் பொருள்களைத் தெரிந்தே அனுப்பிய பீனட் கார்ப்பரேஷன் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015-ல் 28 ஆண்டுச் சிறை. அது வேறு வகைக் குற்றம், வேறு அளவு.

எனக்கு உறுத்துவது இலக்கு நிர்ணயிக்கும் முறை. வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்ற இலக்கைக் காட்டி நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் விஷயம் வெடித்தபோது சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரை ஒரே தவறுக்காக நீக்கும் நிறுவனம், தவறு அந்த அத்தனை பேரிடமும் தனித்தனியே பிறந்தது என்று எப்படி நம்பியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இங்கே பேரேடு அவர்களின் நிதித் தலைவரும் யாரோ வைத்த ஓர் எண்ணுக்காகத்தான் ஓடிக்கொண்டிருப்பார். அதனால் அவர் செய்வது சரியாகிவிடாது. ஆனால் இயக்குநர் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த எண்ணைப் பற்றியது.

பேரேடு:

அனைவருக்கும் நன்றி. கிடங்குக்குச் சென்று பார்த்தேன். பெட்டிகள் தனியாக வைக்கப்படவில்லை. வாடிக்கையாளரின் வேண்டுகோள் எந்தத் தேதியில், யார் வழியாக வந்தது, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உடன்பாடு ஏதும் உண்டா என்று நிதித் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை, "இதையெல்லாம் எதற்கு எழுத்தில் கேட்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டார். அடுத்து என்ன செய்வது? நேரே வெளியே புகார் செய்தால் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

கறுப்பங்கி:

அந்தத் தொலைபேசி உரையாடலை, தேதியும் நேரமும் இட்டு, அன்றே உங்களுக்கான குறிப்பாக எழுதி வையுங்கள். அடுத்த படி, தணிக்கைக் குழுத் தலைவருக்கோ உள்தணிக்கைப் பிரிவுக்கோ, குற்றச்சாட்டாக இல்லாமல் தகவலாக எழுதுவது: இந்த இன்வாய்ஸ், இந்தத் தேதி, சரக்கு இருக்கும் இடம் இது, நான் கேட்ட கேள்வி இது, விடை கிடைக்காததால் கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். நான்கைந்து வாக்கியங்கள் போதும். உணர்ச்சியும் ஊகமும் வேண்டாம். நிறுவனத்தின் ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். நல்ல வழக்குகள் பல அதனாலேயே கெட்டிருக்கின்றன.

வெளியே போவதற்கான பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும், நுணுக்கமாகவும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ம் ஆண்டு நெறிமுறை, 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் உள்புகார் வழியை அமைக்க வேண்டும் என்கிறது. அதைக் கடந்து நேரடியாக அரசு அமைப்புக்குச் செல்பவரையும் காக்கிறது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ்: டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சட்டத்தின் பாதுகாப்பு, நிறுவனத்துக்குள் மட்டும் சொன்னவருக்குக் கிடையாது, பங்குச்சந்தை ஆணையத்திடமும் சொல்லியிருக்க வேண்டும் என்று 2018-ல் டிஜிட்டல் ரியால்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வெளியே எழுதும்முன் உங்கள் நாட்டுத் தொழில்சட்டம் அறிந்த வழக்குரைஞரை ஒருமுறை பாருங்கள். அவர் நிறுவனத்தின் வழக்குரைஞராக இருக்கக் கூடாது; அவருடைய கட்சிக்காரர் நிறுவனம், நீங்கள் அல்ல.

எதிர்க்கேள்வி:

பேரேடு அவர்கள் கையெழுத்திட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கேட்டவருக்கு அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் என்ன நடக்கும் என்பதை எந்தத் தீர்ப்பும் தடுப்பதில்லை. பழிவாங்கல் பணிநீக்கமாக வந்தால் வழக்குப் போடலாம். முக்கியமில்லாத பிரிவுக்கு மாற்றமாக வந்தால் நிரூபிக்க ஆண்டுகள் ஆகும். இதையும் எடை போட்டுக்கொண்டுதான் அவர் முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று: இயக்குநர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிறுவனம் எடுக்கும் பொறுப்புக் காப்பீடு இவரையும் காக்குமா?

பழைய தணிக்கையாளர்:

மாற்றத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. காப்பீட்டுக்கு மட்டும் விடை சொல்கிறேன். பொதுவாக அது வழக்கை எதிர்கொள்ளும் செலவைத் தரும். மோசடி என்று இறுதியாகத் தீர்ப்பானால் விலகிக்கொள்ளும். இடைநிலை மேலாளர் அதில் அடங்குவாரா என்பது பாலிசியில் காப்பீடு பெற்றவர் யார் என்று வரையறுக்கும் பத்தியைப் பொறுத்தது. அதன் நகலை நிறுமச் செயலரிடம் கேட்டு வாங்கலாம். சில நேரங்களில் அந்தக் காப்பீடும் போதாது: வேர்ல்டுகாமின் முன்னாள் வெளி இயக்குநர்கள் 2005-ல் தம் சொந்தப் பணத்திலிருந்து கோடிக்கணக்கான டாலர் கட்டித்தான் வழக்கை முடித்தார்கள்.

பேரேடு:

தணிக்கைக் குழுத் தலைவருக்கு எழுதிவிட்டேன். அந்த இன்வாய்ஸை ஒதுக்கி வைத்து மீதி விற்பனைக்கு மட்டும் கையெழுத்திடலாமா என்று கேட்டிருக்கிறேன். விலக்கிய தொகையையும் காரணத்தையும் உறுதிமொழித்தாளிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.